கதவைக் கேட்காத குமிழ்

மொன்டெவிடேயோவில் ஞாயிறு என்றால்
திரிஸ்தான் நர்வாஹா தெரு முழுக்கச் சந்தை.
கிளிக்கூண்டுக்குப் பக்கத்தில் பல் மருத்துவரின் நாற்காலி,
நாற்காலி மேல் கீரைக்கட்டு,
கீரைக்கு நிழலாக யாரோ இருவரின் திருமணப் படம்.
இர்மெலிந்தா போனது திரைச்சீலைக் கம்பி வாங்க.
ஒன்றரை மீட்டர், பித்தளை.
அளவெழுதிய காகிதம்கூடக் கையில் இருந்தது.

திரும்பியது ஒரு குமிழோடு.

வெள்ளைப் பீங்கான்,
கோழிமுட்டையைவிடக் கொஞ்சம் பெரிது.
குறுக்கே நீலமாய் ஒன்று ஓடுகிறது:
விரிசலா வரைந்த கோடா
விற்றவருக்கே தெரியவில்லை.
தெர்மோஸை அக்குளில் இடுக்கி
மாத்தே உறிஞ்சியபடி சொன்னார்,
"கதவும் இருந்ததம்மா. போன வாரம்
விறகுக்கு வாங்கிப் போய்விட்டார்கள்."
எண்பது பெசோ.
அவள் பேரம் பேசவில்லை.
பேசியிருக்கலாம் என்று பேருந்தில் தோன்றியது.

புது வீடு. வீடு என்பது மரியாதைக்கு.
ஓர் அறை, ஒரு சமையல் மூலை,
கூரையில் வானம் அளவாக வெட்டிய கண்ணாடிச் சதுரம்.
வெயில் வடக்கிலிருந்து வரும் ஊரில்
தெற்குப் பார்த்த ஒற்றை ஜன்னல்;
ஆகஸ்டில் சுவருக்கு வியர்க்கும்.
வாசல் கதவின் தாழ்ப்பாள்
கிழவன் பல்லாக ஆடும்.

வந்த முதல் வாரமே
அலுமினிய வடிதட்டைக் கவிழ்த்து விளக்காக்கினாள்.
இரவில் கூரையெங்கும் ஒளி அம்மை.
வண்ண அட்டையில் 'ஈர மணல்', 'துறவியின் காலை'
என்றெல்லாம் இருந்தும்
பெயரில்லாத நானூற்றுப் பதினேழைத்தான் பூசினாள்.
பழுக்கப்போகும் எலுமிச்சை நிறம்,
மழை நாளில் மட்டும் கொஞ்சம் பச்சை.

குமிழை எங்கே வைப்பது?
மேசையில் வைத்தால் உருண்டது.
அலமாரியில் வைத்தால் முட்டை என்றார்கள்.
மாடிவீட்டு யமந்தூ துளைக்கருவியோடு இறங்கி வந்தார்.
"சுவரிலா?"
"சுவரில். சுழல வேண்டும்."
"சுவரில் எதற்குச் சுழல வேண்டும்?"
கேட்டாரே தவிர
பழைய குழாய்த் துண்டைப் புதைத்து, கொழுப்புத் தடவி
சுழலத்தான் பொருத்தினார்.
காரை பெயர்ந்து கொத்தனார் வந்து
கூலி நானூறு ஆனது.
சுண்டைக்காய் கால் பணம்,
சுமைகூலி முக்கால் பணம்.

நெஞ்சுயரத்தில், வெற்றுச் சுவரில், தனியாக.
கோட்டு மாட்டலாமே என்றவர்களுக்கு
அவள் நாற்காலியைக் காட்டினாள்.
எரிவாயு கொண்டுவந்த பையன்
தெரியாமல் அதைத் திருகி
வெளியே போகப் பார்த்தான்.
யமந்தூவின் ஐந்து வயது மகள் மட்டும்
முதலில் தட்டினாள்,
காது வைத்துக் கேட்டாள்,
"தூங்குகிறார்கள்" என்று
விரல் நுனியில் நடந்து திரும்பினாள்.

கருவிப்பெட்டி எடுத்துப்போக
வால்டெமார் வந்தது ஒரு வியாழன்.
பத்தொன்பது வருடம்
"இது எதற்கு?" என்ற ஒரே கேள்வியால்
வீட்டைத் துடைத்து வைத்திருந்தவன்.
நீலக் கூஜா எதற்கு, இரண்டாவது விளக்கு எதற்கு,
காய்ந்த பூவைக் கண்ணாடியில் நிறுத்துவது எதற்கு.

இப்போதும் வாய் திறந்தான்.
கை முந்திக்கொண்டது.
திருகினான்.
சுவருக்குள் க்ளிக் என்று ஒரு சத்தம்.
சூடு பட்டவன்போல் விட்டான்.

"சுற்றுகிறது."
"சுற்றும்."

போகும்போது வாசலில் நின்று
தாழ்ப்பாளை அசைத்துப் பார்த்தான்.
"இது கழன்றுவிடும். திருப்புளி இருக்கிறது..."
"தெரியும்" என்றாள். "அது அடுத்த ஞாயிறு."

கம்பி இன்னும் வாங்கவில்லை.
திரையில்லாத ஜன்னலில்
எதிர்வீட்டுக்காரர் பல் துலக்குவது தெரிகிறது.
அவருக்கும் குமிழ் தெரியும் போல.
நேற்றிரவு நுரைவாயோடு
வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்,
அந்தப் பக்கம் இன்னோர் அறை
எவ்வளவு பெரிதாக இருக்கும் என்று
கணக்குப் போடுகிற முகத்தோடு.